படம் எங்கே போகிறது? பிகாசாவும் புதுச்சேரியும்

ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே இருக்கும் திருமலைக்கு வருபவர்கள் படம் எடுக்காமல் திரும்புவது அபூர்வம். பாறையில் செதுக்கிய சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர், குந்தவை ஜினாலயம், குகைக்குள் மங்கிப்போன ஓவியங்கள்... ஒரு மணி நேரத்தில் நூறு படம் சேர்ந்துவிடும். கேமரா அவற்றுக்கு வைக்கும் பெயரோ டிஎஸ்சி_0001, டிஎஸ்சி_0002! நேமிநாதருக்கும் அதே வரிசைதான், கீழே வந்து குடித்த இளநீருக்கும் அதே வரிசைதான்.

இது 1998-ல் ஜப்பானில் வகுத்த டிசிஎஃப் என்ற விதியிலிருந்து வந்தது. எந்தக் கம்பெனி கேமராவானாலும் கார்டில் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், எட்டு எழுத்தில் கோப்புப் பெயர். எடுத்த தேதியும் நேரமும் எக்ஸிஃப் குறிப்பாகப் படத்துக்குள்ளேயே பதிவாகும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது வெறும் குறிப்பேடு. நடந்த வரிசையில் எழுதியாயிற்று. பேரேட்டில் ஏற்றுவதுதான் மென்பொருளின் வேலை.

அதை இரண்டு விதமாகச் செய்தார்கள். 2002 ஜனவரியில் வந்த ஆப்பிளின் ஐபோட்டோ, படங்களைத் தன் சொந்த நூலகத்துக்குள் நகலெடுத்து ஆண்டு, மாதம், தேதி வாரியாக அடுக்கிக்கொண்டது. உள்ளே போய் நாமாகக் கை வைத்தால் வம்பு. பிகாசா நேரெதிர். 2004-ல் கூகுள் வாங்கி இலவசமாகக் கொடுத்த அது, கம்ப்யூட்டரில் படங்கள் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரே படம் நான்கு ஆல்பத்தில் தெரியும், கோப்பு ஒன்றுதான்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம். ஜேபெக் படத்துக்கு நாம் எழுதிய தலைப்பைப் பிகாசா கோப்புக்குள்ளேயே எழுதியது. ஆல்பங்களையோ தன் தகவல் கிடங்கில் வைத்தது. ஐபோட்டோவின் இடத்தை 2015-ல் போட்டோஸ் பிடித்தது, 2016-ல் கூகுள் பிகாசாவை நிறுத்தியது. கம்ப்யூட்டர் மாற்றியவர்கள் பலரிடம் படம் இருந்தது, ஆல்பம் இல்லை.

"போனால் போகட்டும், படம்தான் இருக்கிறதே" என்று தோன்றலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் கதை வேறு மாதிரி சொல்கிறது. 1956 முதல் அங்கே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம், எப்போது எடுத்தது என்று குறித்து வைத்ததுதான் மென்பொருள். இன்று அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களின் தொகுப்பு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடப்பட்டு, 2008-ல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காகிதங்கள் காட்டின. புதுச்சேரியில் இருந்த படமோ அதே நடராஜரை 1994-ல் ஸ்ரீபுரந்தானில் காட்டியது. ஊரும் ஆண்டும் இல்லாமல் வெறும் படம் மட்டும் இருந்திருந்தால் அது யாரோ ஒரு நடராஜர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அவரை டெல்லியில் திருப்பி ஒப்படைத்தார்.

திருமலையில் எடுத்த டிஎஸ்சி_0001-இல் தேதி தானாகவே இருக்கிறது. ஜிபிஎஸ் இல்லாத கேமராவானால், ஊர்ப் பெயரை யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.