ஒரு கெட்டில், ரெண்டு சைக்கிள்: வொர்க்மன் தம்பதியின் மூட்டை

வர்ற ஜனவரியில் நானும் மனைவியும் கன்னியாகுமரியிலிருந்து ஹம்பி வரை சைக்கிளில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். என்னென்ன எடுத்துப்போவது என்பதில்தான் தினமும் சண்டை. எனக்கு எதையும் விட்டுவிட மனசு வராது, அவளுக்கு எதையும் சுமக்க மனசு வராது. நமக்கு முன்னால் யாராவது ஜோடியாகப் போயிருப்பார்களே, அவர்கள் என்ன கொண்டுபோனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர்கள்தான் ஃபேனி புல்லக் வொர்க்மன், அவர் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மன்.

அமெரிக்கர்கள். 1897 நவம்பரில் கீழ்த்திசைப் பயணத்தைத் தொடங்கியபோது ஃபேனிக்கு வயது 38, வில்லியமுக்கு 50. அதற்கு முன்பே அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் சைக்கிளில் சுற்றி ஆளுக்கு ஆள் பழகியிருந்தார்கள். ஸ்பெயினில் மட்டும் 2,800 மைல். இந்த முறை இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை வருடம், 14,000 மைல். அதாவது ஏறக்குறைய 22,500 கிலோமீட்டர். இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரைக்குமே 4,000 மைல் மிதித்திருக்கிறார்கள்.

சரி, மூட்டைக்கு வருவோம். டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், சீஸ், டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர். ஆளுக்கு ஒரு போர்வை, தலையணை. எழுதுவதற்குத் தாளும் பேனாவும். மருந்துப் பெட்டி (வில்லியம் டாக்டர், அது ஒரு சௌகரியம்). பஞ்சர் ஒட்டும் சாமான்கள். ஃபேனி தன் ஹேண்டில்பாரில் ஒரு டீ கெட்டிலையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நீளப் பாவாடை, தலையில் வெயில்தொப்பி, முன்னால் ஆடும் கெட்டில்! நம் ஊர்க்காரர்கள் ஓடிவந்து பார்த்திருக்க மாட்டார்களா?

பஞ்சர் சாமான்களை நான் சாதாரணமாகக் கடந்துபோயிருப்பேன். ஆனால் ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். டன்லப் காற்று டயர் வந்தே அப்போது பத்து வருடம்தான் ஆகியிருந்தது. சாலையோரக் கருவேல முள்ளைத் தெரிந்தவர்களுக்கு இந்த நாற்பதை நம்புவது கஷ்டமில்லை. நான் வாங்கி வைத்திருந்த ஆறு ஒட்டு அன்றைக்கே இருபதாகிவிட்டது.

ஆனால் இவ்வளவு சின்ன மூட்டையோடு எப்படிச் சமாளித்தார்கள்? பதில் மூட்டைக்கு வெளியே இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டிய பெரிய சாலைகளாகப் பார்த்துத்தான் அவர்கள் போனார்கள். சாமான் தீர்ந்தால் ரயில் உண்டு, தங்க இடமில்லையென்றால் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம் உண்டு. தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எலி ஓடும் அறைகளிலும் கொசுக்கடியிலும் படுத்திருக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இரு தரப்புத் தந்தையரும் பெரும் சொத்து விட்டுப்போயிருந்தார்கள். சம்பளத்துக்குத் திரும்ப வேண்டிய கவலை கிடையாது. "லகுவான பயணம்" என்று பேசும்போது இதையெல்லாம் யாரும் எடை போடுவதில்லை.

1898-ல் சைக்கிளை ஒதுக்கிவிட்டு, கஞ்சன்ஜங்கா பக்கம் நடந்துபோக 45 பணியாளர்களோடு கிளம்பினார்கள். தாமதம், செலவு, குளிர், சுமை கூலிகளோடு தகராறு. சில நாட்களிலேயே டார்ஜிலிங்குக்குத் திரும்பும்படி ஆனது. தங்கள் பாரத்தைத் தாங்களே மிதித்தவரைக்கும் ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தால் போதும். அடுத்தவர் முதுகில் ஏற்றினபிறகு அவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்குமே! கூலிகளைப் பற்றி அவர்கள் புலம்புவதில் எனக்கு அனுதாபம் வரவில்லை.

இதையெல்லாம் ராத்திரி மனைவியிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கெட்டில் வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம், "அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையாங்க?" என்றாள்.

இருந்தார்கள். நான்தான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. மகன் சீக்ஃப்ரீட் 1893-ல் நான்கு வயதுக்குள் காய்ச்சலில் போய்விட்டான். சைக்கிள் பயணங்கள் பெரிதானது அதற்குப் பிறகுதான். மகன் போன துக்கம்தான் அவர்களைத் துரத்தியதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மகள் ரேச்சல் 1884-ல் பிறந்தவள். பெற்றோர் இங்கே மிதித்துக்கொண்டிருந்தபோது அவள் விடுதிப் பள்ளியில் வளர்ந்தாள். பின்னாளில் நிலவியலாளர் ஆனாள். 1919-ல் லண்டன் நிலவியல் சங்கம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் உறுப்பினர்களில் ஒருத்தி. கணவர் கான்பூரில் கம்பளி ஆலை நடத்தியவர்.

அவர்கள் கிளம்பினபோது ரேச்சலுக்கு 13 வயது. எங்கள் மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்கும் 13.

காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த எங்கள் பட்டியலில் "டியூப் 4, ஒட்டு 20" என்பதற்கு மேலே மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி ஏறியிருந்தது: "பாப்பா - அத்தை வீடா? அவகிட்ட கேக்கணும்."