தொண்டைநாட்டு மணற்கரையில் கலம் இறக்கலும் ஏற்றலும்

முன்னுரை

பாலாறு, சேயாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிமாநகர்க்குத் தென்கிழக்கே அமைந்த இவ்வூரை வரலாற்று மாணவர் நன்கறிவர். அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனது கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் கல்விச்சாலையையும் பற்றி விரிவாகக் கூறுதலே அதற்குக் காரணமாகும். ஈண்டு நாம் கருதப்புகுவது அக்கல்வெட்டினை அன்று, அவ்வூரின் மணலை. ஆண்டின் பெரும்பகுதியில் முக்கூடலிற் காணப்படுவது நீரினும் மணலே மிகுதி. பொங்கலை அடுத்து நிகழும் பார்வேட்டை விழாவில், காஞ்சி வரதராசர் பழையசீவரத்திற்கு எழுந்தருளிப் பின்னர்ப் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவது மரபு. இவ்வாற்றின் அகன்ற மணற்பரப்பை அவ்விழாவிற்குச் செல்வார் எவரும் அறிவர்.

அம்மணல் நின்றவிடத்தே நிற்பதில்லை. வெள்ளக் காலத்தில் அதனை வாரிச்செல்லும் பாலாறு, சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே வயலூரை அடுத்துக் கடலொடு கலக்கின்றது. கடலலை அம்மணலை மீண்டும் கரைநோக்கி ஒதுக்கித் திடராக்குகின்றது. வெள்ளம் வற்றியபின் முகத்துவாரம் தூர்ந்துவிடும். ஆதலின், பெருங்கலம் புகுந்து நிற்றற்குரிய ஆழமான துறை தொண்டைநாட்டுக் கரையில் அரிதாயிற்று.

இதனைக் கொண்டு, 'இயற்கைத் துறைமுகம் இல்லாத கரை. ஆதலின் வாணிகத்திற்கு ஏலாத கரை' என்று எழுதுவாருளர். இக்கூற்றின் முற்பகுதி மெய். பிற்பகுதி அதிலிருந்து பெறப்படுவதன்று. துறைமுகம் இயற்கையால் அமையாத இடத்தில் அத்துறைமுகத்தின் தொழிலை மக்களது கையும் தோளும் செய்தன. மணலில் இருந்து கலத்தைக் கடலில் இறக்குதலும், கடலினின்று மணலில் ஏற்றுதலும் ஆகிய கலையே இக்கரையின் துறைமுகம் என்பதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் இருவகைத் துறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியனவாகப் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் உள. பட்டினப்பாலையில் அவர் காட்டுவது காவிரிப்பூம்பட்டினம். உப்பை விற்று நெல்லைப் பெற்று வந்த பஃறிகள், பந்தியிற் கட்டிய குதிரைகள்போலத் தறிகளிற் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி அங்கு உண்டு. அலையடங்கிய கழிநீர் உள்ள இடத்தன்றிக் கலத்தை இவ்வாறு நீரிலேயே கட்டிவைத்தல் இயலாது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைக் கூறுமிடத்து அவர் காட்டுவது வேறு. வானளாவிய மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய விளக்குக் கடலில் ஓடும் கலங்களை அழைத்து நிற்கின்றது. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். திறந்த கடலில் ஓடும் கலத்தைத் தொலைவிலிருந்தே அழைக்கும் துறை இது. ஒரே புலவர் இருவேறு கரைகளின் இயல்பை இங்ஙனம் வேறுபடுத்திக் காட்டியிருத்தல் எண்ணத்தக்கது.

புறநானூற்றில் இரு பாட்டுகள் இக்கருத்திற்கு மேலும் துணையாவன. முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாயைக் களையாமலும் மேலேற்றிய பாரத்தை இறக்காமலும் ஆற்றுமுகத்தில் நேரே புகுந்த பெருங்கலத்தைக் குறிக்கின்றார். அஃது ஒரு சிறப்பாகக் கூறப்படுதலின், ஏனைத் துறைகளில் பாய் களைதலும் பாரம் குறைத்தலும் வழக்கமாயிருந்தன எனக் கொள்ளற்கு இடமுண்டு. 343ஆம் பாட்டில் பரணர், முசிறியிற் பெருங்கலங்கள் கொணர்ந்த பொன் கழித்தோணிகளாற் கரைசேர்க்கப்பட்டதைக் கூறுகின்றார். பெருங்கலம் தொலைவில் நிற்கச் சிறுகலம் இடையே இயங்கும் முறை தமிழகத்திற் பழமையானது என்பது இதனாற் போதரும். முசிறியில் இடைநின்றது அமைதியான கழி. தொண்டைநாட்டில் இடைநின்றதோ பொங்கி உடையும் அலை. வேற்றுமை அவ்வளவே.

கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'பெரிப்ளூசு' என்னும் கிரேக்க நூலும் இக்கரைக்குரிய கலங்களுள் 'சங்கரா' என ஒன்றைச் சுட்டுகின்றது. ஒற்றை மரங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஆக்கிய பெரிய கலம் என அது விளக்கப்படுகின்றது. பாலாற்று முகத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில், மேலைநாட்டு மதுச்சாடியின் ஓடுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. மணல் தூர்க்கும் இம்முகத்திலும் கடல்கடந்த பண்டங்கள் கரையேறின என்பதற்கு அவை சான்று.

ஆணியில்லாக் கலங்கள்

இக்கரைக்கே உரிய கலங்கள் இரண்டு: கட்டுமரம், தைத்த படகு. ஆங்கிலேயர் பின்னதனை 'மசூலா' என்றனர். புதுச்சேரிப் பகுதியிற் சரக்கேற்றும் படகிற்குச் 'சலங்கு' என்பது பெயர். ஆனந்தரங்கப்பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பில் இச்சொல் வழங்குதலைக் காணலாம்.

தைத்த படகின் அமைப்பு மணலும் அலையும் வகுத்த அமைப்பாகும். பலகைகள் ஆணியால் இறுக்கப்படாமல், துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. உள்ளே விலாச்சட்டங்கள் இல்லை. அடி தட்டையானது, பக்கங்கள் உயர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை அளந்து எழுதிய ஜான் எடி என்பார், நீளம் 30 முதல் 35 அடி என்பர். ஆணி அறைந்த வன்மையான படகு தரையில் மோதினால் அதன் இணைப்புத் தெறிக்கும். தைத்த படகோ மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும். தட்டையான அடி மணலிற் சாயாமல் அமரும். உயர்ந்த பக்கம் உடையும் அலையைத் தடுக்கும். தையல்வழி நீர் கசிதல் இதன் குறை. ஆதலின் நீரை இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். உடைதலினும் கசிதல் மேல் எனத் தேர்ந்த அறிவு இதிற் புலப்படும்.

கட்டுமரமும் இந்நெறியையே பின்பற்றியது. பெயரிலேயே கட்டுதல் என்னும் வினை நிற்கின்றது. கரைசேர்ந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளிற் சுமந்து மேட்டுமணலில் உலர்த்துவர். ஒருங்கே தூக்கவியலாத கலத்தைப் பகுத்துத் தூக்குதல் துறையில்லாக் கரைக்குத் தக்க முறையாகும். ஆங்கிலத்தில் இச்சொல் உருத்திரிந்து வழங்குதலும், இன்று அது முற்றிலும் வேறான இரட்டையுடற் கப்பலைக் குறித்தலும் யாவரும் அறிந்தவை. படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட நூலில் இக்கலங்களின் அமைப்பு விரிவாகக் காணப்படும்.

இறக்கலும் ஏற்றலும்

இனி, தொழிலின் முறையை நோக்குவோம். கரையை அடுத்த கடலடியில் மணல் வரம்புபோல் உயர்ந்திருக்கும். அலை அங்கே உடையும். கரையோரத்தில் மீண்டும் ஒருமுறை உடையும். பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்தபின் சிறிது அமைதி உண்டாகும். அவ்வமைதியைக் கணித்தலே முதற்பாடம். படகின் முகத்தைக் கடலுக்கு நேரே நிறுத்தி, இருமருங்கும் ஆட்கள் பற்றி நிற்பர். வந்தேறிய அலை அடியைத் தூக்கும் நொடியில் ஒருங்கே தள்ளுவர். படகு மிதந்ததும் துடுப்பாளர் ஏறிக்கொள்வர். உடையும் அலையை நேர்முகமாக ஏறிக் கடத்தல் வேண்டும். சிறிது குறுக்கிட்டாலும் படகு கவிழும். பின்புறத்து நீண்ட துடுப்பைப் பிடித்து நிற்கும் தண்டயலின் கண்ணும் சொல்லும் அனைவர் உயிர்க்கும் காவலாகும்.

இறக்குதலினும் ஏற்றுதல் அரிது. மணல்வரம்பிற்கு அப்பால் காத்திருந்து, பெரிய அலையின் முதுகுப்புறத்தைப் பின்தொடர்ந்து வருதல் முறை. முந்தினால் அலைமுகத்தில் வீழ்ந்து படகு குறுக்காகத் திரும்பும். பிந்தினால் அடுத்த அலை பின்னிருந்து மோதும். அடி மணலைத் தொட்டவுடன், மீளும் நீர் படகை இழுக்குமுன் கயிற்றைப் பிடித்துக் கரையிலுள்ளார் நிறுத்துவர். அடுத்த அலை தூக்கும்போது மேலும் சிறிது ஏற்றுவர். இங்ஙனம் அலையையே ஆளாகக் கொண்டு படகு மேட்டை அடையும். பலர் இழுக்கும் விசை ஒரே நொடியிற் சேர்தற்கு அம்பாப் பாடல் பயன்பட்டது. இதன் தாளம் வேலையின் தாளமேயாதலின், நாட்டுப்பாடல் ஆராய்வார் சொற்களோடு இழுப்பின் அளவையும் குறித்துக்கொள்ளுதல் நலம்.

சென்னையும் கலமாக்களும்

வெனிசு வணிகர் சேசரே பெடரிச்சி 16ஆம் நூற்றாண்டிற் சாந்தோம் கரைக்கு வந்தபோதே, கயிற்றால் தைத்த படகுகள் ஆளையும் சரக்கையும் அலைகடத்திய திறத்தை வியந்து எழுதியுள்ளார். 1639இல் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் இடம்பெற்றபோது அங்குத் துறைமுகம் என ஒன்று இல்லை. ஆயினும் அடுத்த இரண்டு நூற்றாண்டுகட்கும் மேலாக, ஆளுநர் முதல் துணிப்பொதி ஈறாக அனைவரும் அனைத்தும் இப்படகுகளிலேயே கரையேறினர், ஏறின. படகிற்குத் துணையாகக் கட்டுமரம் சென்றதும் உண்டு. கவிழ்ந்தாரை எடுத்தல் அதன் கடமை. ஒல்லாந்தர் கோட்டை கட்டி மெல்லிய துணிகளை ஏற்றுமதி செய்த சதுரங்கப்பட்டினத்திலும் கரையின் இயல்பு இதுவே. ஆகவே, கும்பினிகளின் வாணிகக் கணக்கில் ஏறிய ஒவ்வொரு பொதியும் முதலில் ஒரு படகாளியின் தோளைக் கடந்தது என்க. கோட்டை கட்டினார் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அலைகடத்தினார் பெயர்கள் அருகியே கிடைக்கின்றன. அவர்தம் நினைவாக நிற்பதொன்று இராயபுரத்துப் பேதுரு கோயில். படகுத்தொழில் செய்த குடியினர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை எழுப்பினர். பேதுருவுக்கு வழங்கிய இராயப்பர் என்னும் பெயரே ஊர்ப்பெயரிலும் நிலைத்தது.

மணல் இடம்பெயர்ந்தமை

1860களின் தொடக்கத்திற் கடலுள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று சென்னையில் அமைந்தது. 1876இல் அலைதடுப்புச் சுவர்களின் வேலை தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது; மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. அதன்பின் மசூலாப் படகின் தேவை படிப்படியாகக் குறைந்தது.

ஆயின் விளைவு அத்துடன் நின்றிலது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கினின்று வடக்கே நகர்வது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது மட்டும் திசை மாறும். சுவர் அந்நகர்வைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை விரிந்தது. வடக்கே மணல் வாராமையின் இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. கற்சுவர் இட்டுக் காக்க வேண்டியதாயிற்று. எக்குடியினர் இரு நூற்றாண்டு துறைமுகமாய் நின்றனரோ, அக்குடியினரின் கரையே புதிய துறைமுகத்தால் மணலை இழந்தது. படகை ஏற்றிவைக்க மணல் இல்லையாயின் அக்கலைக்கும் இடமில்லை.

முடிவுரை

கலை முற்றும் அழிந்திலது. 1980களில் வங்காள விரிகுடாத் திட்டத்தினர், உந்துசுழலியை மேலே தூக்கிக்கொள்ளும் கரையேறு படகுகளை இக்கரைகளில் ஆய்ந்தனர். மணற்கரை தன் தேவையைப் பொறியாளர்க்கும் உணர்த்தியது என்பதற்கு இது சான்று. இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகியுள்ளன. சில குப்பங்களில் அவற்றை டிராக்டர் இழுத்து மேட்டில் ஏற்றுகின்றது. ஆட்தொகை குறைந்தது, எனினும் அலையை எண்ணும் கண் இன்றும் வேண்டப்படுகின்றது.

தமிழ் ஆராய்வார்க்கு இதிற் கடமை ஒன்று உளது. 'கரையேறுதல்' என்று நாம் துன்பத்தினின்று உய்தலைக் கூறுகின்றோம். நெய்தல் நிலத்தாரிடத்து அச்சொல் நாடோறும் நிகழும் வினை. அலை, மணல், கயிறு, தையல், இழுப்பு ஆகியவற்றின் வகைகளுக்கு அவர்பால் தனித்தனிச் சொற்கள் உள. தைத்த படகு தமிழகக் கரையில் அருகிவிட்டது. கட்டுமரமும் குறைந்து வருகின்றது. பொருள் மறையின் சொல்லும் மறையும். திமில், அம்பி, பஃறி என்பவற்றின் வடிவத்தை இன்று நாம் துணிந்து கூறவியலாமைக்குக் காரணம் அதுவே. ஆதலின் பாலாற்று முகந்தொட்டுப் பழவேற்காடு வரையுள்ள குப்பங்களில், முதியோர் உள்ளபோதே அத்தொழிற்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். சங்கப் பாட்டின் நெய்தற்பகுதிக்கு அத்தொகுப்பு ஓர் உரையாகப் பயன்படும்.