லூபின்

லூபின் என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, அங்கைவடிவக் கூட்டிலைகளும் (ஒரே புள்ளியிலிருந்து விரல்களைப் போல் விரியும் சிற்றிலைகள்) நிமிர்ந்த பூங்கதிர்களும் உடைய செடிப் பேரினமாகும். இதன் இனங்களில் மிகப் பெரும்பான்மை அமெரிக்கக் கண்டங்களுக்கும், எஞ்சிய சில மத்தியதரைக் கடற்பகுதிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியவை. மழை ஓய்ந்தபின் கூட்டிலையின் நடுவில் ஒரு நீர்த்துளி பாதரசம்போல் உருண்டு நிற்பதைக் கொண்டே, பூவாத நாளிலும் இச்செடியை அடையாளம் காணலாம்.

பண்டைய ரோமர் வெள்ளை லூபினைப் பசுந்தாள் உரமாக உழுதனர். கசப்பான விதைகளை ஊறவைத்து உண்டனர்.

தோட்டப் பயிராக லூபினின் வரலாறு, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டுச்செடியாக வளர்ந்த பல்லிலை லூபினைத் தாவர சேகரிப்பாளர் டேவிட் டக்ளஸ் 1820களில் பிரிட்டனுக்கு அனுப்பியதிலிருந்து தொடங்குகிறது. அதன் நீலக் கதிர்களில் பூக்கள் இடைவெளிவிட்டு நின்றதால் தண்டு வெளித்தெரிந்தது. இக்குறையைப் போக்கியவர் யார்க் நகரத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் (1857–1951). வேலைக்குச் சென்ற வீடொன்றில் பூச்சாடியில் இருந்த லூபின்களைக் கண்டு, இவற்றை மேம்படுத்த முடியும் என்று அவர் துணிந்ததாகக் கூறப்படுகிறது. 1911 வாக்கில் தொடங்கி, குத்தகைக்கு எடுத்த துண்டுநிலங்களில் பல லூபின்களை அருகருகே வளர்த்தார். மகரந்தத்தைக் கையால் மாற்றாமல் அப்பணியைத் தேனீக்களுக்கே விட்டு, முளைத்தவற்றுள் மிகச் சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைப் பிடுங்கி எறிந்தார். இவ்வாறு ஏறத்தாழ கால் நூற்றாண்டு தேர்ந்ததன் பயனாக, கொடியிதழ் (பூவின் மேற்புறம் நிமிரும் பெரிய இதழ்) அகன்று, கீழ்ப்புறம் உள்ள படகிதழுடன் நிறம் மாறுபட்டு, தண்டு மறையுமளவுக்குச் செறிந்த கதிர்கள் கிடைத்தன. இக்கலப்பில் மர லூபினும் ஓராண்டு இனங்களும் எந்த அளவு பங்களித்தன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தேனீக்கள் செய்த கலப்புக்குப் பெற்றோர் பதிவை எதிர்பார்ப்பதற்கும் இல்லை. நெடுங்காலம் ஒரு செடியையும் விற்க மறுத்த ரஸ்ஸல், இறுதியில் பேக்கர் நாற்றுப்பண்ணைக்கு விற்க இசைந்தார். 1937 ஜூனில் லண்டனில் அரச தோட்டக்கலைச் சங்கம் நடத்திய காட்சியில் அவருடைய ரஸ்ஸல் லூபின்கள் தங்கப்பதக்கம் பெற்றன. அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டியிருந்தது.

விதையிலிருந்து எழும் செடிகள் தாய்ச்செடியை அப்படியே ஒத்திருப்பதில்லையாதலால், பெயர்பெற்ற வகைகளை அடித்தண்டுத் துண்டுகளால் பெருக்க வேண்டியிருந்தது. அவ்வழியே வைரஸ் நோய்களும் பரவ, பழைய வகைகள் பல அருகின. 1981இல் பிரிட்டனில் காணப்பட்ட லூபின் அசுவினியும் தொல்லையைக் கூட்டியது.

தோட்டத்தைவிட்டு வெளியேறிய லூபின்களைப் பற்றிய மதிப்பீடு இடத்துக்கு இடம் மாறுகிறது. வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் இச்செடி காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. இதனால் மண்ணரிப்பைத் தடுக்க 1945இல் அலாஸ்காவிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட நூட்கா லூபின், பின்னர் உள்நாட்டுத் தாழ்செடிகளை மூடிப் படர்ந்து சர்ச்சைக்குள்ளானது. நியூசிலாந்தின் மெக்கென்சி வடிநிலத்தில் ரஸ்ஸல் லூபின் பயணியரைக் கவர்வதாயினும், பின்னல் ஆறுகளின் சரளைத் திட்டுகளில் வேரூன்றி, அங்கே திறந்த தரையில் கூடு கட்டும் கறுப்பு நெடுங்கால் உள்ளான் போன்ற பறவைகளின் இடத்தைக் குறைப்பதால் களையாகவே கருதப்படுகிறது. அதே பகுதியில் மெரினோ செம்மறிகளுக்குத் தீவனமாக அதை விதைப்போரும் உள்ளனர்.