கழுத்து ரத்தக்குழாயும் கேளா ஒலியும்

நம் சங்க மலரில் வழக்கமாக விடுதி நினைவுகளைத்தான் எழுதுவோம். இம்முறை, பௌதிகம் படித்தவன் என்ற உரிமையில், ஒரு சின்ன அளவின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். காரணம் இருக்கிறது. நான் குடியிருக்கும் மாங்காட்டில், நம் வயதுக்காரர்கள் முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்து, "சார், கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் போன வருஷம் 0.70 மில்லிமீட்டர், இந்த வருஷம் 0.78னு போட்டிருக்காங்க. அடைப்பு வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள். இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேளா ஒலிக்கருவி முதலில் உலோகத்தில் விரிசல் தேடத்தான் பயன்பட்டது. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் டாக்டர் இங்கே எட்லரும் பௌதிக அறிஞர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் அப்படியொரு கருவியை இரவல் வாங்கி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இதயத்திலிருந்து ரத்தக்குழாய்ச் சுவருக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1986-ல் இத்தாலியில் பாவ்லோ பிக்னோலி குழுவினர், ஸ்கேன் படத்தில் தெரியும் இரு இணைகோடுகளின் இடைவெளியே சுவரின் உள்ளடுக்கும் நடு அடுக்கும் சேர்ந்த தடிமன் என்று காட்டினார்கள். உடலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய்த் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் அளந்து ஒப்பிட்டார்கள். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின.

ஆனால் அந்தப் பொருத்தம் தோலுக்குத் தூரத்தில் உள்ள சுவருக்குத்தான். பக்கத்துச் சுவரின் விளிம்பு மங்கும். மெஷினின் திருகைக் கூட்டினால் கோடும் தடிக்கும்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1540 மீட்டர். அதிர்வெண் 75 லட்சம் என்றால் அலைநீளம் 0.2 மில்லிமீட்டர். அளக்கும் சுவரோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! விளிம்புக்கு விளிம்பு அளப்பதால் அலைநீளத்தைவிட நுணுக்கமாகவும் அளக்கலாம், உண்மைதான். ஆனால் கருவியைச் சற்றே சாய்த்தாலும், இடம் மாறினாலும் எண் மாறும். இதயம் துடிக்கும்போது குழாய் விரியும், சுவர் மெலியும். எந்தக் கணத்தில் படத்தை நிறுத்தினோம் என்பதும் கணக்கில் வரும்.

அப்படியானால் இந்த அளவு வீணா? இல்லவே இல்லை. நம் ஊரிலேயே சான்று உண்டு. மாங்காட்டிலிருந்து மதுரவாயல், கோயம்பேடு வழியாகப் போனால் வரும் திருமங்கலத்திலும், தி.நகரிலும் 1990-களில் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஒரு மக்கள் ஆய்வு நடத்தினர். 2000-ல் வெளியான முடிவு: சர்க்கரை நோயாளிகளின் சராசரிச் சுவர்த் தடிமன் 0.95 மில்லிமீட்டர், மற்றவர்களுக்கு 0.74. பலரை அளக்கும்போது கூடுதல் குறைச்சல் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கூட்டத்தைப் பற்றிய உண்மை தெளிவாகத் தெரியும்.

தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. இந்தச் சுவர் ஆண்டுக்குத் தடிப்பது சராசரியாக நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவே. ஆகவே ஒரே வருஷத்தில் 0.08 கூடியது என்றால், அது சுவரின் மாற்றத்தைவிட அளவின் தடுமாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மருத்துவ உலகமும் இதை ஒரு சுற்றுச் சுற்றித்தான் உணர்ந்தது. 2010-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள், நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு இந்த அளவு உதவலாம் என்றன. 2012-ல் 45,828 பேரின் தகவல்களைத் திரட்டிய ஓர் ஆய்வு, வழக்கமான கணிப்போடு இதைச் சேர்ப்பதால் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம் என்றது. 2013-ல் அதே அமைப்புகள், வழக்கமான பரிசோதனையாக இது வேண்டாம் என்று மாற்றிக்கொண்டன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு தெரிகிறதா என்று பார்ப்பதும், பக்கவாத அறிகுறி உள்ளவருக்கு அடைப்பு இருக்கிறதா என்று டாப்ளர் எடுப்பதும் வேறு பரிசோதனைகள். டாக்டர் சொன்னால் தட்டாமல் செய்துகொள்ளுங்கள்.

மூத்த நண்பர்களே, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் கவனியுங்கள்; புகையை விடுங்கள்; 0.08-க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவச் செல்வங்களே, ஆய்வுக்கூடத்தில் எந்த அளவை எடுத்தாலும் பக்கத்தில் பிழை எவ்வளவு என்று எழுதச் சொல்லி நம் ஆசிரியர்கள் படுத்துவார்களே, அது வெறும் மார்க்குக்காக அல்ல.