நடந்தே ஜெயித்த குதிரை

கபடிப் போட்டிக்கு ஓர் அணி வந்து சேரவில்லை என்றால், எதிரணிக்கு 'வாக்ஓவர்' என்று மைக்கில் அறிவித்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். தேர்தல் பேச்சிலும் அந்தச் சொல் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் இப்படி ஜெயித்தவர்கள் யாரும் எங்கும் நடப்பதில்லை. அப்படியானால் அந்தச் சொல்லுக்குள் நடப்பது யார்?

குதிரை.

இங்கிலாந்தின் பந்தய விதி அப்படி. போட்டிக்குப் பெயர் கொடுத்த மற்றக் குதிரைகள் எல்லாம் விலகிக்கொண்டாலும், மிஞ்சிய ஒரே குதிரைக்குப் பரிசு தானாக வந்துவிடாது. ஜாக்கி சேணத்தில் ஏறி, களத்தைக் கடந்து காட்ட வேண்டும். ஓட வேண்டியதில்லை, நடந்தாலே போதும். ஆக, இது வெற்றிப் பெருமிதத்தில் பிறந்த சொல் அல்ல; பரிசுப் பணத்தை வாங்குவதற்கான சடங்கின் பெயர்.

அந்தச் சடங்கை அதிகம் செய்த குதிரைகளில் ஒன்று 'எக்லிப்ஸ்'. 1764-ல் ஒரு சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் அந்தப் பெயர். வளர்த்த கம்பர்லாந்து கோமகன் மறுவருடமே இறந்துவிட, குட்டியை வாங்கியவர் வைல்ட்மன் என்ற கால்நடை வியாபாரி. 1769 மே மாதம் எப்சமில் அது முதன்முறையாக ஓடியது. அன்றைய பந்தயங்களில் ஒரே நாளில் பல சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றும் நான்கு மைல். முதல் சுற்றை எக்லிப்ஸ் சிரமமில்லாமல் ஜெயித்ததும், டெனிஸ் ஓ'கெல்லி என்ற அயர்லாந்துக்காரர் ஒரு பந்தயம் கட்டினார். கடன்காரர் சிறையைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், சூதாடி. அடுத்த சுற்றில் எல்லாக் குதிரைகளும் எந்த வரிசையில் வரும் என்பதைச் சொல்லிவிடுவதாகச் சவால் விட்டார். சொன்னது இவ்வளவுதான்: எக்லிப்ஸ் முதலிடம், மற்றவை எங்குமில்லை.

கேட்பதற்கு வாய்ச்சவடால் போலத் தோன்றும். உண்மையில் அது விதியைக் கரைத்துக் குடித்தவரின் கணக்கு. முடிவுக் கோட்டுக்கு 240 கஜம் முன்னால் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். முதல் குதிரை கோட்டைத் தாண்டும்போது அந்தக் கம்பத்தைக்கூட எட்டாத குதிரைக்கு இடமே கிடையாது. இரண்டாவது, மூன்றாவது என்று எண்ண மாட்டார்கள். எக்லிப்ஸ் அத்தனை குதிரைகளையும் கம்பத்துக்கு அப்பாலேயே விட்டுவிட்டு வந்தது. ஓ'கெல்லி பணத்தை வாங்கிக்கொண்டார்; பிறகு குதிரையையும் வாங்கிவிட்டார். எக்லிப்ஸ் ஜெயித்த பந்தயங்கள் 18. அவற்றில் எட்டில் எதிர்த்து ஓட எவரும் குதிரையைக் கொண்டுவரவில்லை. எட்டு முறையும் நடந்தே ஜெயித்தது.

சுலபமான வெற்றியைச் சொல்லும் 'ஹேண்ட்ஸ் டவுன்' என்பதும் அதே களத்தில் பிறந்ததுதான். வெற்றி உறுதி என்று தெரிந்த ஜாக்கி கடைசி நேரத்தில் குதிரையை விரட்ட மாட்டார். கைகளைத் தாழ்த்திக் கடிவாளத்தைத் தளர்த்திவிடுவார். 'கேன்டர்' மட்டும் கோயிலிலிருந்து வந்தது. கேன்டர்பரியில் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரை போனவர்களின் குதிரைகள் அவசரமில்லாமல் ஓடிய ஓட்டம் அது.

வாக்ஓவருக்கு ஒரு சோகமான பிற்சேர்க்கையும் உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதிப் போட்டி. பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல் முந்த முயன்றபோது அமெரிக்கரான கார்பென்டர் வழிமறித்தார் என்று நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கார்பென்டர் நீக்கப்பட்டார், இரண்டு நாள் கழித்து மறு ஓட்டம். மற்ற இரு அமெரிக்கர்களும் வர மறுத்துவிட்டார்கள். ஹால்ஸ்வெல் தன்னந்தனியாக ஓடி, தங்கம் வாங்கினார். பெயருக்கு வாக்ஓவர்; அவரோ 50 விநாடிகளில் ஓடி முடித்திருந்தார். 1915-ல் முதல் உலகப் போரில் பிரான்சில் சுடப்பட்டு இறந்தார்.

சீட்டாட்டமும் தன் பங்குக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறது. 'பீக்கே' என்ற பிரெஞ்சு ஆட்டத்தில் எதிராளிக்கு ஒரு பிடிகூடக் கிடைக்காமல் செய்வதற்கு 'கப்போ' என்று பெயர். அது ஜெர்மனிக்குப் போய் 'கபுட்' ஆகி, உடைந்த பொருளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு நகரமே மாட்டிக்கொண்டது: 1870 ஜூலையில் நியூயார்க் அணியிடம் சிகாகோ 9-0 என்று தோற்றதும், பூஜ்யத்தில் சுருண்ட எந்த அணியையும் 'சிகாகோ ஆக்கப்பட்டது' என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

பூஜ்யத்தைக் கண்டால் வயிற்று ஞாபகம் வருவது எல்லா ஊருக்கும் பொது. மதிப்பெண் இல்லாத பையனை நம் ஊரில் 'முட்டை வாங்கினான்' என்போம். கிரிக்கெட்டின் 'டக்' வாத்து முட்டையின் சுருக்கம். டென்னிஸில் 6-0 என்றால் 'பேகல்': ஓட்டையுள்ள ரொட்டி, நம் மெதுவடையின் உருவம். 1988 பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃப் நடாஷா ஸ்வெரெவாவுக்கு இரண்டு பேகல் கொடுத்தார். அரைமணி நேரத்தைச் சற்றே தாண்டிய ஆட்டம். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் 1911-க்குப் பிறகு இது நடந்தது 2025-ல்தான். அனிசிமோவாவை இகா ஸ்வியாடெக் 57 நிமிடங்களில் முடித்தார்.

'கேக்வாக்' தின்பண்டப் பெயர்தான். அதன் பின்கதை இனிப்பானதல்ல. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் ஆடிய நடனம் அது; நன்றாக ஆடிய ஜோடிக்குக் கேக் பரிசு. எஜமானர்களின் மிடுக்கு நடையைக் கிண்டலடிக்கும் ஆட்டம் என்றும் சொல்வார்கள். அது சுலபமான நடனமே அல்ல. 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்று நாம் சொல்வதில் அல்வா கிண்டியவரின் கைவலி மறைந்துபோகிற மாதிரிதான் இதுவும்.

கிரிக்கெட்டின் 'ஒயிட்வாஷ்' சுண்ணாம்பு வாளியோடு வந்தது. தொடரின் எல்லா ஆட்டங்களையும் ஒரே அணி ஜெயித்தால் போதும், ஒவ்வொரு ஆட்டமும் சுலபமாக இருந்திருக்க வேண்டியதில்லை. 2024-ல் இந்தியாவைச் சொந்த மண்ணில் 3-0 என்று நியூசிலாந்து வீழ்த்தியபோது, மும்பையில் நடந்த கடைசி டெஸ்டின் வித்தியாசம் 25 ரன்தான்.

அந்தச் சொல்லுக்கு நேர்ந்த சுவையான திருப்பம் 1984-ல். கிளைவ் லாயிட் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்துக்கு வந்து ஐந்து டெஸ்டுகளையும் ஜெயித்தது. கடைசி டெஸ்ட் நடந்த ஓவல் மைதானம் இருப்பது தெற்கு லண்டனில். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த பிரிக்ஸ்டன் கூப்பிடு தூரம். அங்கிருந்த ரசிகர்கள் தூக்கிப் பிடித்த பதாகையில் வெள்ளை இல்லை: 'பிளாக்வாஷ்' என்று எழுதியிருந்தார்கள். அதே இரு அணிகளின் அடுத்த தொடர் 1986-ல் கரீபியத் தீவுகளில் நடந்தது. அதிலும் 5-0.