இந்தியச் சைகை மொழியின் இலக்கணம்

இந்தியச் சைகை மொழி, இந்தியாவில் காதுகேளாதோர் தமக்குள் பேசிப் பேசி வளர்த்த இயற்கை மொழி. கைவடிவம், கை நிற்கும் இடம், அசைவு, உள்ளங்கையின் திசை, முகக்குறிப்பு ஆகியவை சேர்ந்து சொல்லாகவும் தொடராகவும் அமைகின்றன. தமிழையோ இந்தியையோ சொல்லுக்குச் சொல் கையில் காட்டுவது சைகை மொழி ஆகாது. அதன் தொடரமைப்பு தனி.

குறியும் மொழியும்

குறிகள் எல்லாம் மொழி ஆகிவிடாது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறைகளில் குறிகள் நெடுங்காலம் புழங்கின. கடலடியில் சிப்பி பொறுக்கியவர் கயிற்றை இழுத்தால், படகில் கயிறு பிடித்து நின்றவர் அவரை மேலே ஏற்றுவார். வணிகர்கள் துணிக்கு அடியில் விரல்களைப் பிடித்து முத்துக்கு விலை பேசினர்.

இவை குறிகள், ஒரு தொழிலுக்கு வேண்டிய சில செய்திகளை மட்டுமே சொல்லும். ‘நேற்று மேலே இழுக்கவில்லையே, ஏன்?’ என்று கயிற்றால் கேட்க முடியாது. காலம், மறுப்பு, வினா, காரணம் அனைத்தையும் கூறவும், இதுவரை யாரும் சொல்லாத தொடரை உண்டாக்கவும் இலக்கணம் வேண்டும். சைகை மொழிக்கு அது உண்டு.

சொல்லாக்கம்

பரவலான வழக்கில் மீசையைத் தொடுவது ‘ஆண்’. மூக்குத்தி இடத்தைத் தொடுவது ‘பெண்’. உறவுப்பெயர்களில் இவை முன்னொட்டுப்போல் நிற்கும். ஆண் + உடன்பிறப்பு என்றால் சகோதரன். பெண் + உடன்பிறப்பு என்றால் சகோதரி. சொற்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

தொடரமைப்பு

தமிழைப் போலவே வினை பொதுவாக இறுதியில் வரும். காலத்துக்காக வினை திரியாது; காலச்சொல் தொடக்கத்தில் நின்று காலத்தைக் காட்டும். ‘நேற்று அவன் தூத்துக்குடிக்குப் போனான்’ என்பது ‘நேற்று – அவன் – தூத்துக்குடி – போ’ என அமையும். வேற்றுமை உருபு இல்லை. செயல் முடிந்ததைக் காட்ட, இறுதியில் ‘முடிந்தது’ என்னும் சைகை சேரும். பேச்சுத் தமிழின் ‘சாப்பிட்டாச்சு’ போன்றது இது.

வினாவில் தமிழிலிருந்து விலகுகிறது. தமிழில் ‘யார் வந்தது?’, ‘வந்தது யார்?’ இரண்டும் சரி. சைகை மொழியில் வினாச்சொல் தொடரின் இறுதியில்தான் நிற்கும். ‘என்ன’ என்னும் ஒரே வினாச்சைகை பிற சொற்களோடு கூடிப் பல வினாக்களைத் தரும்: முகம் + என்ன (யார்), இடம் + என்ன (எங்கே), எண் + என்ன (எத்தனை). ‘நீ எங்கே போகிறாய்?’ என்பதை ‘நீ – போ – இடம் – என்ன’ என்று கேட்பார்கள். மறுப்புச் சைகையும் இறுதியில் வரும். உடன் தலையும் அசையும்.

வெளியும் முகமும்

பேசுபவருக்கு முன்னுள்ள வெளியே இலக்கணமாகிறது. மீன் விற்பவரை வலப்பக்கமும் வாங்குபவரை இடப்பக்கமும் ஒருமுறை நிறுத்திவிட்டால், பின்னர் அவ்விடங்களைச் சுட்டுவதே ‘அவர்’ என்பதாகும். ‘கொடு’ என்னும் சைகை வலமிருந்து இடம் நகர்ந்தால் விற்பவர் கொடுத்தார். திசை மாறினால் கொடுத்தவரும் மாறுவார். ‘-க்கு’ என்னும் உருபின் வேலையைக் கையின் திசையே செய்துவிடுகிறது.

முகக்குறிப்பும் இலக்கணத்தின் பகுதியே. ‘நீ – சாப்பிடு – முடிந்தது’ என்பது சாதாரண முகத்தோடு கூற்று. புருவம் உயர்ந்து தலை முன்சாய்ந்தால் ‘சாப்பிட்டாயா?’ என்னும் வினா. கையை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிச் செய்தி போய்விடும்.

கல்வியும் ஆய்வும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டையில் 1890களில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் நிறுவிய காதுகேளாதோர் பள்ளி, இந்தியாவின் முன்னோடிப் பள்ளிகளுள் ஒன்று. நாட்டின் பல பள்ளிகளில் வகுப்பறை வாய்ப்பேச்சுப் பயிற்சியையே வற்புறுத்தியது. மாணவர் தமக்குள் பழகிய இடங்களில் சைகை மொழி தழைத்தது.

சைகை மொழிக்கும் முறையான அமைப்பு உண்டு என்பதை அமெரிக்க அறிஞர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் விளக்கினார். 1970களில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் இந்திய நகரங்களில் சொற்களைத் தொகுத்தனர். ஜெர்மானிய மொழியியலாளர் உல்ரிக்கே சேஷான் டெல்லி, கராச்சி வழக்குகளை ஒப்பிட்டு, 2000இல் வெளிவந்த நூலில் இலக்கணத்தை விரிவாக எழுதினார்.

இன்றைய நிலை

இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் தொடங்கியது. 2018இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை அமர்த்தச் சொல்கிறது. ஆனால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இம்மொழி இடம்பெறவில்லை.

அகராதிச் சொற்களை மட்டும் கற்றவர் தமிழ்த் தொடரைக் கையில் காட்டுவாரே ஒழிய, சைகை மொழியில் பேசமாட்டார். மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் காதுகேளாதவர் சொல்வது பிசகாமல் போய்ச் சேர, மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியருக்கும் இலக்கணப் பயிற்சி இன்றியமையாதது.