தன்வடிவமைப்பு (என்சோ மாரி)

தன்வடிவமைப்பு (இத்தாலிய மொழியில்: ஆட்டோப்ரோஜெத்தாசியோனே) என்பது இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974 ஆம் ஆண்டு மிலான் நகரில் முன்வைத்த ஒரு திட்டம் ஆகும். ஒரு குடும்பத்துக்குத் தேவையான மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி முதலிய மர அறைகலன்களை (தளபாடங்களை), தச்சுத் தொழில் பயிலாதவரும் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி வரையப்பட்ட 19 வடிவமைப்புகளை இது கொண்டது. பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம் ஆகியவையே இவற்றைச் செய்யப் போதுமானவை. வரைபடங்களை விற்பனை செய்யாமல், அஞ்சல் செலவை மட்டும் அனுப்பிக் கேட்டவர்களுக்கு மாரி வழங்கினார்.

மலிவான அறைகலன்களை மக்களுக்குக் கிடைக்கச் செய்வது இத்திட்டத்தின் முதன்மை நோக்கம் அன்று. ஒரு பொருளைத் தம் கையால் செய்து பார்ப்பவர், கடையில் விற்கப்படும் பொருட்களின் தரத்தையும் தாமே எடைபோடக் கற்றுக்கொள்வார் என்பதே மாரியின் எண்ணமாக இருந்தது.

பெயரும் பொருளும்

'ஆட்டோ' என்பது 'தானே' என்றும், 'ப்ரோஜெத்தாசியோனே' என்பது 'வடிவமைத்தல்' அல்லது 'திட்டமிடல்' என்றும் பொருள்படும். எனினும் இப்பெயர் முழுமையாகப் பொருந்துவதில்லை. வடிவமைப்புகளை உருவாக்கியவர் மாரி. செய்பவர் அவற்றைப் பார்த்துச் செய்கிறார். இந்த முரண்பாட்டை மாரியும் அறிந்திருந்தார். தாம் கருதியது ஒவ்வொருவரும் தனித்துச் செய்து பார்க்க வேண்டிய ஒரு பயிற்சியையே என்று அவர் விளக்கியுள்ளார். 2002 இல் கொர்ராயினி பதிப்பகம் இவ்வரைபடங்களை மீண்டும் நூலாக வெளியிட்டபோது, நூலின் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறி சேர்க்கப்பட்டிருந்தது.

பின்னணி

என்சோ மாரி (1932–2020) மிலான் நகரிலுள்ள பிரேரா கலைக்கழகத்தில் பயின்றவர். 1957 இல் அவர் உருவாக்கிய '16 விலங்குகள்' என்னும் மர விளையாட்டுப் பொருள் பரவலாக அறியப்பட்டது. ஒரே பலகையிலிருந்து வெட்டப்பட்ட 16 விலங்கு உருவங்கள் ஒன்றோடொன்று பொருந்தி மீண்டும் ஒரே செவ்வகமாக அமையும். இதனால் வெட்டும்போது மரம் மிகக் குறைவாகவே வீணாகும். பின்னர் பல நிறுவனங்களுக்கு வீட்டுப் பொருட்களை வடிவமைத்தார். இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான 'கொம்பாசோ தோரோ' (தங்கக் கவராயம்) அவருக்குப் பலமுறை வழங்கப்பட்டது.

மாரி பொதுவுடைமைக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். நல்ல பொருட்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் குறைந்த விலையில் விற்கவேண்டும் என்ற நோக்குடன் அவர் வடிவமைத்த ஒரு படுக்கை இருக்கை எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. பகட்டாகத் தோன்றும் பொருட்களையே மக்கள் விரும்பி வாங்கினர். பொருளின் தரத்தை அறியும் வாய்ப்பு வாங்குபவருக்குக் கிடைக்காததே இதற்குக் காரணம் என அவர் கருதினார். அந்த அறிவைச் சொற்களால் ஊட்ட முடியாது. செய்து பார்த்தால்தான் வரும் என்ற முடிவிலிருந்து இத்திட்டம் பிறந்தது.

வீட்டிலேயே செய்யும் அறைகலன்களுக்கு இதற்கு முன்னரும் முயற்சிகள் நடந்துள்ளன. நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் 1934 இல் பொதிப்பெட்டி மரத்தால் ஆன எளிய அறைகலன்களை வடிவமைத்தார். அவை பிரிக்கப்பட்ட துண்டுகளாக விற்கப்பட்டு, வாங்கியவரால் பொருத்தப்பட்டன. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹென்னெசி, விக்டர் பாப்பனெக் ஆகிய இருவரும் எளிதில் செய்யவும் பிரிக்கவும் கூடிய வீட்டுப் பொருட்களைப் பற்றி 1973 இல் ஒரு கையேட்டை வெளியிட்டனர்.

வடிவமைப்புகள்

1974 இல் மிலான் நகரின் 'கல்லேரியா மிலானோ' என்னும் கலைக்கூடத்தில் இவ்வறைகலன்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 19 வடிவமைப்புகளும் பின்வருமாறு அமைந்தன:

* மேசைகள் – 9
* நாற்காலிகள் – 3
* கட்டில்கள் – 4
* நீள் இருக்கை – 1
* புத்தக அடுக்கு – 1
* துணி அலமாரி – 1

ஒரு வீட்டில் உண்பதற்கும், உறங்குவதற்கும், படிப்பதற்கும், துணி வைப்பதற்கும் வேண்டிய அடிப்படைப் பொருட்கள் அனைத்தும் இப்பட்டியலில் அடங்கிவிடுகின்றன. மேசைகளே எண்ணிக்கையில் மிகுதி. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தோற்றம், தேவைப்படும் பலகைகளின் நீள அகலங்கள், அவற்றைப் பொருத்தும் முறை ஆகியவை வரைபடத்தில் காட்டப்பட்டன.

அமைப்பு முறை

பலகைகள்

மரக்கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அகலமும் தடிமனும் கொண்ட ஊசியிலை மரப் பலகைகள் இவ்வடிவமைப்புகளுக்குப் போதும். செய்பவர் அவற்றை நீளவாக்கில் பிளக்க வேண்டியதில்லை. குறுக்கே அறுத்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டு வந்தால் மட்டும் போதும். நேராகக் குறுக்கே அறுப்பது புதியவருக்கும் ஓரிரு முயற்சிகளில் கைவரும் வேலையாகும்.

இணைப்பு

மரபான தச்சு வேலையில், ஒரு கட்டையில் செவ்வகத் துளை இட்டு, மற்றொரு கட்டையின் முனையை அத்துளைக்குள் இறுக்கமாக நுழையும் நாக்குபோலச் செதுக்கி இணைப்பர். இவ்விணைப்பு மிகவும் உறுதியானது. ஆனால் உளியைக் கையாளும் திறனும் நீண்ட பயிற்சியும் இதற்கு வேண்டும். சிறிய பிழை நேர்ந்தாலும் இணைப்பு தளர்ந்துவிடும்.

மாரி இத்தகைய இணைப்புகளைத் தவிர்த்தார். அவருடைய வடிவமைப்புகளில் ஒரு பலகையின் அகன்ற பரப்பின்மேல் மற்றொரு பலகையின் பரப்பு படியும்படி வைத்து ஆணி அறைதலே முதன்மையான இணைப்பு முறை. இதற்கு மரத்தின் இயல்பு சார்ந்த காரணமும் உண்டு. மர இழைகளுக்குக் குறுக்காக அறையப்பட்ட ஆணியை, விலக்கப்பட்ட இழைகள் இரு பக்கமும் இறுகப் பற்றிக்கொள்ளும். பலகையின் வெட்டுமுனையில், அதாவது இழைகள் செல்லும் திசையிலேயே, அறையப்பட்ட ஆணிக்கு இந்தப் பிடிப்பு மிகக் குறைவு.

பலகையின் ஓரத்துக்கு மிக அருகில் ஆணி அறைந்தால் மரம் பிளந்துவிடக்கூடும். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் சற்று மழுக்கிவிட்டு அறைந்தால், அது இழைகளை ஆப்புபோல் விலக்காமல் நசுக்கிக்கொண்டு உள்ளே செல்வதால், பிளவு ஏற்படும் வாய்ப்பு குறையும். ஆணியைவிட மெல்லிய துளையை முன்னரே இட்டுக்கொள்வதும் வழக்கம்.

முக்கோணத்தின் பங்கு

நான்கு சட்டங்களை ஆணியால் இணைத்துச் செய்த செவ்வகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது எளிதில் சாய்ந்துவிடும். ஒவ்வொரு மூலையிலும் உள்ள ஆணி ஒரு கீல்போல் செயல்படுவதே இதற்குக் காரணம். ஒரு மூலைக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆணிகளை அறைந்தால் இந்த அசைவு ஓரளவு குறையும். ஆனால் எடை தாங்கும் மேசைக்கு அது மட்டும் போதாது.

ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஒரு சட்டத்தைச் சேர்த்தால், செவ்வகம் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். பக்கங்களின் நீளம் மாறாத வரையில் முக்கோணத்தின் வடிவம் மாறாது. ஆகவே தளர்வான இணைப்புகளைக் கொண்டும் உறுதியான சட்டகத்தை அமைக்க முடிகிறது. இரும்புப் பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் பயன்படும் இதே கொள்கையை மாரியின் மேசைகளின் அடியில் காணலாம். அங்குள்ள சாய்வுச் சட்டங்கள் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவற்றுள் ஒன்றைக் கழற்றிவிட்டு மேசையைத் தள்ளிப் பார்ப்பவர், அது அங்கே இருப்பதன் காரணத்தை உடனே அறிந்துகொள்வார். மாரி எதிர்பார்த்த கல்வி இதுவே.

மரத்தின் அசைவு

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், காயும்போது சுருங்கும். இம்மாற்றம் இழைகளின் நீளத்தில் மிகக் குறைவாகவும் குறுக்கே மிகுதியாகவும் இருக்கும். அகன்ற பலகைகளைப் பசையால் அசையாதபடி இறுக்கிவிட்டால், காலப்போக்கில் அவை வெடிக்கவோ வளையவோ கூடும். ஆணி சற்று வளைந்து கொடுப்பதால் இந்த அசைவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதே வேளையில், பல ஆண்டுகள் விரிந்து சுருங்குவதால் ஆணியின் பிடி தளர்ந்து, மீண்டும் அறைய வேண்டிய நிலையும் ஏற்படும்.

பயன்பாட்டு நிபந்தனை

வரைபடங்களுடன் மாரி ஒரு நிபந்தனையையும் இணைத்தார். தொழிற்சாலைகளும் வணிகர்களும் தவிர, எவரும் இவ்வடிவமைப்புகளைப் பயன்படுத்தித் தமக்கான அறைகலன்களைச் செய்துகொள்ளலாம். செய்தவர்கள், குறிப்பாக வடிவமைப்பில் மாற்றம் செய்தவர்கள், அதன் ஒளிப்படத்தைத் தமது கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

இதனைப் பிற்காலத்தில் தோன்றிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்துடன் ஒப்பிடுவதுண்டு. மூல வரைவைத் திறந்து வைத்தல், மாற்றம் செய்ய இடமளித்தல், மாற்றங்களைத் திரும்பப் பெறுதல் ஆகியவை இரண்டிலும் காணப்படுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1989 இல் வெளியான குனூ பொது மக்கள் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடை செய்வதில்லை. மாரியின் நிபந்தனை அதைத் தடை செய்கிறது. அவ்வகையில் இது 2002 இல் வெளியான படைப்பாக்கப் பொதுமங்களின் 'வணிக நோக்கமற்ற' உரிமங்களுக்கு நெருக்கமானது.

வரவேற்பும் விமர்சனமும்

வரைபடங்களைக் கேட்டுப் பெருமளவில் கடிதங்கள் வந்தன. ஆனால் தம் நோக்கத்தைப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலரே என்று மாரி பின்னர் குறைபட்டுக்கொண்டார். பலர் இதனை நாட்டுப்புறப் பாணி என்று கருதி, ஓய்வு இல்லங்களில் வைப்பதற்காக விரும்பினர். வேறு சிலர் இதனைப் பொழுதுபோக்குத் தச்சு வேலையாக மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இத்திட்டத்தைப் பற்றிப் பின்வரும் ஐயங்கள் எழுப்பப்படலாம்:

* ஆணியால் இணைத்த அறைகலன், நன்கு செய்யப்பட்ட மரபான இணைப்புகளைக் கொண்ட அறைகலன் அளவுக்கு நீண்ட காலம் உழைப்பதில்லை.
* மரம் வாங்கும் செலவையும் செலவிடும் நேரத்தையும் கணக்கிட்டால், தொழிற்சாலைப் பொருள் மலிவாக இருக்கக்கூடும்.
* வரைபடத்தை அப்படியே பின்பற்றுபவர் செய்வது வடிவமைப்பு ஆகாது.

முதல் இரண்டும் அறைகலனை ஒரு விற்பனைப் பொருளாக மதிப்பிடுபவை. மாரி அளக்க விரும்பியது செய்தவர் பெற்ற அறிவை. மூன்றாவது ஐயம் வலுவானது. மாற்றம் செய்தவர்களின் படங்களை மாரி குறிப்பாகக் கேட்டதிலிருந்து, நகலெடுத்தல் முதல் படி மட்டுமே என்று அவர் கருதியது தெரிகிறது. தம் வீட்டு அறைக்கு ஏற்ப மேசையின் நீளத்தைக் குறைக்க முற்படும் ஒருவர், எந்தச் சட்டத்தை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று சிந்திக்க வேண்டியிருக்கும். வடிவமைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பிற்காலத் தாக்கம்

2010 இல் பின்லாந்தின் ஆர்டெக் நிறுவனம், மாரியின் ஒப்புதலுடன் 'சேதியா 1' என்னும் நாற்காலியை, அறுக்கப்பட்ட பலகைகளும் ஆணிகளும் செய்முறையும் அடங்கிய தொகுப்பாக விற்கத் தொடங்கியது. அறுக்கும் வேலை குறைந்தாலும், பொருத்தும் வேலை வாங்குபவரிடமே விடப்பட்டது.

அதே ஆண்டில் பெர்லின் நகரில், லாவோசில் பிறந்த கட்டடக் கலைஞர் வான் போ லே-மென்ட்செல், ஏறத்தாழ 24 யூரோ செலவில் செய்யக்கூடிய நாற்காலி ஒன்றின் வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார்.

2014 அளவில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலியின் லம்பேதூசா தீவு வழியாக வந்த ஏதிலி இளைஞர்கள் சிலர், பெர்லினில் 'குக்குலா' என்னும் பட்டறையில் இவ்வறைகலன்களைச் செய்யப் பயின்றனர். அவற்றை விற்கும் உரிமையை மாரி அவர்களுக்கு வழங்கினார். லம்பேதூசாவில் கரை ஒதுங்கிய படகுகளின் மரமும் சில நாற்காலிகளில் சேர்க்கப்பட்டது. வணிகர்களுக்கு மறுத்த உரிமையை, வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தவர்களுக்கு அவர் அளித்தது குறிப்பிடத்தக்கது.

மாரியின் வாழ்நாள் பணியைக் காட்டும் பெரிய கண்காட்சி 2020 அக்டோபர் 17 அன்று மிலான் திரியென்னாலே அரங்கில் தொடங்கியது. இரண்டு நாட்களின் பின், அக்டோபர் 19 அன்று அவர் காலமானார். தம் ஆவணங்களை மிலான் நகருக்கு அளித்த அவர், 40 ஆண்டுகளுக்கு அவற்றைக் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தார். தன்வடிவமைப்பின் வரைபடங்கள் முன்பே நூலாக வெளிவந்துவிட்டதால், அவற்றைப் பார்த்து வீட்டில் மேசை செய்ய விரும்புவோருக்கு இதனால் தடை ஏதும் இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

* தச்சு வேலை
* அறைகலன்
* கெரிட் ரீட்வெல்ட்
* கட்டற்ற மென்பொருள்